தராசும் தாழ்ப்பாளும்

“லயத்துக் காம்பராவில் என்ன சேர் அந்தரங்கம்? இந்த வீட்டுக்காரன் இருமினால் ஆறாவது வீட்டுக்காரனுக்குத் தூக்கம் கலைகிறது. இதில் ஒரு பெட்டி வந்து புதிதாக எதைக் கண்டுபிடிக்கப்போகிறது?”

வட்டவளைச் சந்திக்கு அண்மையில், மழைக்குக் கதவடைத்த ஓர் அறையில், தோட்டப் பாடசாலைகளிற் கற்பிக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தபோது எழுந்த கேள்வி இது. கேட்டவர் துரையுமல்லர், கம்பனி முகவருமல்லர். லயத்திற் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கிற் படித்து, இன்று ஆசிரியராக நிமிர்ந்து நிற்பவர். அவர் வாயிலிருந்து வந்தமையாற்றான் இக்கேள்விக்கு விடை எழுதவேண்டியிருக்கிறது. துரை கேட்டிருந்தால் நாம் பொருட்படுத்தியிருக்கமாட்டோம்.

சங்கதி இதுதான். வட்டவளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வீட்டு இணையத்துக்கென மாதந்தோறும் பணங் கட்டுவோர் பலர் உளர். பிரதான வீதியோரத்துக் கடைகளுக்குக் கம்பி வழியே இணைப்பு வந்திருக்கிறது. பள்ளத்து லயங்களுக்கோ சிம் அட்டை செருகிய ரவுட்டர்தான் கதி. விளம்பரத்திற் கண்ட வேகத்தில் எத்தனை பங்கு வீட்டுக்கு வந்து சேர்கிறது என்பதை முறையாக அளந்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு ஆதாரத்துடன் விண்ணப்பிக்கவேண்டும் என்று இளம் ஆசிரியர் ஒருவர் யோசனை சொன்னார். இருபது வீட்டார் தாமாக முன்வந்தாற் போதும். ஒவ்வொரு ரவுட்டருடனும் சிறு அளவைப் பெட்டியொன்றைப் பொருத்திவிடலாம். அது இரவு பகலாகத் தானே அளந்து, தானே கணக்கை அனுப்பிக்கொண்டிருக்கும் என்பது அவர் திட்டம். ஆசிரியை ஒருவர் எழுந்து, “பெட்டி வேகத்தை மட்டுந்தான் அளக்குமா? கணக்கு யாருக்குப் போகும்?” என்று வினவினார். அதற்குப் பதிலாகவே மேற்கண்ட ஏளனம் எழுந்தது. அறையிற் சிரிப்பும் எழுந்தது. நாமும் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

முதலில் இளம் ஆசிரியரின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவோம். அளப்பது அவசியம். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. 2020-இலும் 2021-இலும் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி முழுவதும் கைத்தொலைபேசிக்குட் புகுந்துகொண்டபோது மலைப்பிரதேசத்துப் பிள்ளைகள் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை. பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவ என்னும் கிராமத்தில் மாணவரும் ஆசிரியரும் அலை தேடி மலைப்பாறையிலும் மரத்திலும் ஏறிய காட்சியை 2021-இல் உலகச் செய்தி நிறுவனங்கள் படம்பிடித்து வெளியிட்டன. அப்படங்களைக் கண்டு உலகம் இரங்கியது. இரக்கத்தினால் ஒரு கோபுரமும் எழுந்துவிடாது. “இங்கே அலை வருவதில்லை” என்று நூறு முறை சொல்லும் தொழிலாளியிடம் அதிகாரி கேட்பது ஒரே கேள்வி: ஆதாரம் எங்கே? ஆதாரமில்லாத குறை அவருடைய மேசையில் வெறும் புலம்பலாகவே கிடக்கும்.

மேலும், மலைநாட்டுத் தொழிலாளிக்கு அளவை என்பது புதுமையன்று. அளக்கப்படுவதே அவளது வாழ்வு. கொழுந்து மடுவத்தில் தராசின் முள் நிற்குமுன்னரே கணக்கு எழுதப்பட்டுவிடும். மழை நாளென்றால் நீருக்கு ஒரு கழிவு. வட்டவளையோ இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று, ஆகவே எந்நாளும் கழிவுதான். சாக்குக்கு ஒரு கழிவு. எல்லாங் கழித்து நிறை குறைந்தால் அரைப்பேர். முதுகிற் சுமந்தவள் அவள். தராசைப் பிடித்தவன் வேறொருவன். இன்று சில தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்திருக்கிறது. பிடித்திருக்கும் கை மாறவில்லை.

இணையக் கம்பனியின் விளம்பரத்தை இந்தத் தராசறிவோடு படித்துப் பாருங்கள். ‘செக்கனுக்கு இத்தனை மெகாபிட் வரை’ என்று அதில் எழுதியிருக்கும். அந்த ‘வரை’ என்ற சொல்தான் நீர்க்கழிவு. பத்துக் கிடைத்தாலும் இருபது ‘வரை’க்குள் அடக்கம், இரண்டு கிடைத்தாலும் அடக்கம். வேகத்தைப் பிட் கணக்கிற் சொல்வார்கள். தீர்ந்துபோகும் டேட்டாவைப் பைட் கணக்கில் அறவிடுவார்கள். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதை எத்தனை வீட்டார் அறிவர்? ஒரு கணக்கை இறாத்தலிலும் மற்றதைக் கிலோவிலும் எழுதும் வணிகனை நாம் என்ன பெயர் சொல்லி அழைப்போம்?

ஆகவே, தலைமுறை தலைமுறையாக நிறுக்கப்பட்டவர்கள் ஒருமுறை கம்பனியை நிறுத்துப் பார்க்கட்டும் என்ற எண்ணம் நியாயமானது. அது வெற்றி பெறும் என்பதற்கும் சான்றுகள் உள.

கொழும்பைத் தளமாகக் கொண்ட லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழுவும் சேர்ந்து, 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேக அளவைக்கென ஒரு மென்பொருளை உருவாக்கின. அசோகச் சக்கரவர்த்தியின் பெயரையும் தேவநம்பியதிஸ்ஸனின் பெயரையும் இணைத்து அதற்கு ‘அசோக–திஸ்ஸ’ என்று பெயரிட்டார்கள். விலையின்றி எவரும் தம் கணினியில் இறக்கி இயக்கத்தக்கது; உள்ளமைப்பு எவரும் படிக்கத்தக்கவாறு திறந்திருந்தது. கொழும்பிலும் சென்னையிலும் ஒரு நாளின் பல வேளைகளில் அளந்து பார்த்தபோது, கம்பனியின் சொந்த எல்லைக்குள் ஓரளவு நன்றாக ஓடிய வேகம் கடல் கடந்த தளங்களை நாடுகையில் வீழ்ந்தமை தெரியவந்தது. அதாவது, வீட்டுவாசல் வரை அகன்ற வீதி; ஊருக்கு வெளியே ஒற்றையடிப் பாதை. அதுவரை “உங்கள் கணினி பழையது” என்று பாவனையாளரைக் குற்றஞ்சாட்டியவர்களுக்கு இந்த அளவை விடை சொன்னது.

ஐக்கிய அமெரிக்காவில் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு, சாம்நோஸ் என்னும் பிரித்தானிய நிறுவனத்தின் துணையோடு ஆயிரக்கணக்கான தொண்டர் வீடுகளில் வெள்ளைப் பெட்டிகளைப் பொருத்தி, 2011-இல் முதல் அறிக்கையை வெளியிட்டது. பெரிய கேபிள் கம்பனியொன்று நெரிசல் வேளையில் விளம்பர வேகத்தில் ஏறத்தாழப் பாதியையே கொடுத்துவந்தது அதில் அம்பலமாயிற்று. 2012-ஆம் ஆண்டின் அறிக்கை வருவதற்குள் அதே கம்பனி விளம்பரத்தையும் மிஞ்சிய வேகத்தைக் கொடுத்தது. புதிய விஞ்ஞானம் எதுவும் இடையிற் பிறந்துவிடவில்லை. அளக்கிறார்கள் என்று தெரிந்தது, அவ்வளவே. இந்தியாவிலும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 ஜூலையில் ‘மைஸ்பீட்’ என்னும் செயலியை வெளியிட்டு, பொதுமக்கள் தாமே அளந்து அனுப்பும்படி கோரியது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னர்தான் ஆசிரியையின் கேள்விக்கு வருகிறோம். பெட்டி வேகத்தை மட்டுந்தான் அளக்குமா?

மனச்சாட்சியுள்ள ஒரு பெட்டியையே எடுத்துக்கொள்வோம். வீட்டார் எந்தத் தளத்தைப் பார்க்கிறார்கள், யாருக்கு என்ன எழுதுகிறார்கள் என்பதை அது நோக்குவதில்லை என்று அதனை அமைத்தோர் கூறுகின்றனர். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், வீட்டார் இணைப்பைப் பயன்படுத்தும் வேளையில் அளந்தாற் கணக்குப் பிழைக்கும். அவர்களுடைய வேலையும் கெடும். எனவே, இணைப்பு ஓய்ந்திருக்கும் நேரத்தையே பெட்டி தேடவேண்டும். ஓய்ந்திருக்கும் நேரத்தை எவ்வாறு அறிவது? கம்பியிலும் காற்றிலும் எவ்வளவு போக்குவரத்து நடக்கிறது என்பதை ஓயாது கவனித்தல்லவா அறியவேண்டும்? வீட்டைத் தொந்தரவு செய்யாதிருக்கவேண்டும் என்ற நல்லெண்ணமே வீட்டைக் கண்காணிக்கும் வேலையாக மாறிவிடுகிறது. வேக அளவையைப் பற்றி எழுதுவோர் பலர் இந்த இடத்தை ஒரு வரியிற் கடந்துபோகின்றனர். நாம் இங்கே சற்று நிற்கவேண்டும்.

மணிக்கு மணி இத்தனை மெகாபைட் என்ற எண்களை ஒரு மாதத்துக்கு வரிசையாக வைத்துப் பாருங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு வீடு விழிக்கிறது. பிரட்டுக்குப் போகும் வேளையில் ஓய்கிறது. பிற்பகலிற் பிள்ளைகள் திரும்புகின்றனர். வாரத்தில் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு ஒரு மணிநேரம் பெருந்தொகையாகப் போக்குவரத்து நடக்கிறது: வளைகுடா நாட்டில் வீட்டுவேலை செய்யும் தாய், எசமானி உறங்கிய பின்னர் முகம் பார்த்துப் பேசும் நேரம் அது. மாதத்தில் மூன்று நாள் பகலெல்லாம் இணைப்பு ஓடுகிறது. அந்நாட்களில் யாரோ வேலைக்குப் போகவில்லை. ஒரு வாரம் முழுவதும் ஓசையே இல்லை; வீட்டில் யாருமில்லை. ஒரு சொல்லையும் படிக்காமல், ஒரு படத்தையும் பார்க்காமல், எண்களை மட்டும் கொண்டு இவ்வளவும் சொல்லிவிடலாம். இதனை அறிய விரும்புவோர் யாருமில்லை என்று எண்ணுவோர், நுண்கடன் கம்பனிகளின் வசூற்காரர் லயத்துக்கு எந்த நேரம் பார்த்து வருகிறார்கள் என்பதை அங்குள்ள பெண்களிடம் கேட்டறியட்டும்.

இன்னொன்று. லயத்தில் ஒரு ரவுட்டர் ஒரு குடும்பத்துக்குரியதன்று. காசு கட்டுபவர் ஒருவர். கடவுச்சொல் அடுத்த நான்கு காம்பராக்களுக்கும் தெரியும். பரீட்சைக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து பாடம் இறக்கிக்கொள்வாள். இது நமது மக்களின் நற்பண்பு. இல்லாதவரிடையே தோன்றும் பொதுவுடைமை. ஆயின் பெட்டி வந்ததும் என்ன நிகழ்கிறது? சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிடுபவர் ஒரு குடும்பத் தலைவர். அளக்கப்படுவோர் ஐந்து குடும்பத்தார். அந்தப் பெண்ணிடம் யார் கேட்டார்கள்? குடும்பத் தலைவர் என்று நாம் சொல்லும் அந்த ஆண்மகன் தன் மனைவியிடமாவது கேட்டாரா? ‘தொண்டர்’ என்ற சொல்லுக்கு, தானாக விரும்பி முன்வந்தவர் என்று பொருள். ஒருவர் விரும்ப, ஐவர் அளக்கப்படுவதைத் தொண்டு என்பது பொருந்தாது.

பெட்டி வேண்டாம், கைத்தொலைபேசியில் இலவசச் செயலி இருக்கிறதே என்பாரும் உளர். இலவசம் என்ற சொல்லை நமது வாசகர் நம்பமாட்டார்கள் என்பது நம் துணிபு. 2006-இல் தோன்றிய ஊக்லா நிறுவனத்தின் ‘ஸ்பீட்டெஸ்ட்’ உலகெங்கும் கோடிக்கணக்கான முறை அழுத்தப்படுகிறது. அழுத்துவோர் அளித்த கணக்குகளைத் தொகுத்துத் தொலைத்தொடர்புக் கம்பனிகளுக்கு விற்பது அதன் வணிகம். நாம் அளக்கிறோம், கணக்கு அளக்கப்பட்டவனுக்கே விலைக்குப் போகிறது. செக்ரோலிற் பெயரில்லாமற் பறித்த கொழுந்து இதுதான். போதாததற்கு, நாம் நிற்கும் இடத்தை அறியும் அனுமதியையும் இத்தகைய செயலிகள் கேட்கின்றன. எங்கே அலை குறைவு என்று அறிய இடம் தெரியத்தான் வேண்டும் என்ற நியாயத்தை ஒத்துக்கொள்வோம். எந்தத் தோட்டப் பிரிவு என்றால் அதற்குப் போதும்; எந்தக் காம்பரா என்பது எதற்கு?

2009-இல் தொடங்கப்பட்ட மெஷர்மென்ட் லாப் என்னும் பொது முயற்சி வேறு வகையானது. அங்கே விற்பனையில்லை, அளவைகள் யாவும் உலக ஆய்வாளர் எவரும் எடுத்து ஆராயும்படி பொதுவில் வைக்கப்படுகின்றன. கம்பனிகளை எதிர்த்து நிற்க அதைவிட நல்ல ஆயுதம் வேறில்லை. ஆனால் அளவையோடு அளந்தவரின் இணைய முகவரி எண்ணும் பொதுவில் ஏறிவிடுகிறது, ஏறியது ஏறியதுதான். அவர்கள் இதை ஒளிக்கவில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள் என்பது உண்மை. யாரிடம், எந்த மொழியிற் சொல்லுகிறார்கள்? ஆங்கிலத்தில் எழுதிய நீண்ட பத்திரத்தின் அடியில் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்தும் வட்டவளைத் தொழிலாளிக்கும், தான் படிக்கமுடியாத ஒப்பந்தத்துக்குப் பெருவிரல் வைத்த அவளது பாட்டனுக்கும் இடையே நாம் காணும் வேறுபாடு மை ஒன்றுதான்.

“பெயர் இராதே, வெறும் எண்தானே” என்ற சமாதானம் அடுத்து வரும். 2006 ஓகஸ்டில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். கம்பனி, ஏறத்தாழ 6,50,000 பாவனையாளர் தேடிய சொற்களை ஆய்வாளருக்கென்று வெளியிட்டது. பெயர்களை நீக்கி எண்களை இட்டிருந்தது. சில நாட்களுக்குள் பத்திரிகையாளர் ஓர் எண்ணைப் பின்தொடர்ந்து சென்று, அதற்குரிய முதிய பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டனர். நம்மவருக்கு இதிற் புதுமை எதுவுமில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோருக்குத் தகரத்தில் எண் பொறித்த சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். எண்ணைப் பார்த்தால் எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்று தெரியும். எண் என்பது ஆளை மறைப்பதற்கென்று ஏற்பட்டதன்று.

இனி, அந்தரங்கம் ஏது என்ற அந்தக் கேள்விக்கு நேராக வருவோம்.

லயத்தில் அந்தரங்கம் இல்லை என்பது உண்மையே. அது இல்லாமற் கட்டப்பட்டது என்பதே முழு உண்மை. முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள், கூரையைத் தொடாத தடுப்புச் சுவர்கள், ஒரே நீர்க்குழாய், ஒரே வரிசை: இவை கருங்கல்லும் தகரமும் பற்றாமையால் மட்டும் அவ்வாறு அமைந்தவையல்ல, அதிகாலையில் ஒரு கங்காணி ஒரு நடையில் எல்லா வாசலையும் தட்டிவிடத்தக்க கட்டடம் அது. ஆள் இருக்கிறானா, ஓடிவிட்டானா, யார் வந்து தங்கினார் என்பதெல்லாம் ஒரு பார்வைக்குள் அடங்கவேண்டும். ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். அதிற் கடன் எழுதியிருக்கும். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் நம்மை 9,75,000 என்று எண்ணி, இவருக்கு இத்தனை அவருக்கு இத்தனை என்று பங்கிட்டபோதும் நாம் எண்களாகவே இருந்தோம். அந்தரங்கம் பறிக்கப்பட்ட மக்களைப் பார்த்து, உங்களுக்குத்தான் அது பழக்கமில்லையே என்பது, வெறுங்காலோடு நடப்பவனைப் பார்த்து உனக்குச் செருப்பு எதற்கு என்பது போன்றது.

ஆயினும், அந்தச் சுவர்களுக்குள்ளேயே நமது மக்கள் ஒரு மறைவை உண்டாக்கி வைத்திருந்தார்கள். ஆறாவது வீட்டுக்காரனுக்கு நமது இருமல் கேட்கும், துரைக்குக் கேட்காது. இந்த வேறுபாட்டை நண்பர் கவனிக்கவில்லை. அயலவன் அறிவது ஒன்று. அதிகாரம் உள்ளவன் அறிவது இன்னொன்று. கோ. நடேசய்யர் 1920-களில் தோட்டங்களுக்குட் புகவேண்டியிருந்தபோது, வெளியார் உள்ளே வரத் தடையிருந்தமையால், துணி வியாபாரியைப்போல வேடம் பூண்டு சென்றார் என்பது மலையகத்துப் பிள்ளைகளும் அறிந்த வரலாறு. துணி மூட்டை அவிழ்ந்தபோது கூடிய பெண்கள் விலை பேசவில்லை என்பது லயமெங்கும் தெரிந்திருக்கும். பங்களாவுக்கு மட்டுந்தான் தெரியாது. இந்நாட்டுத் தோட்டத் தொழிற்சங்கம் அந்தத் தெரியாமையினுள்ளேதான் கருக்கொண்டது. அன்று ஒவ்வொரு காம்பராவிலும் யார் எந்த நேரம் விழித்திருக்கிறார் என்று கணக்கனுப்பும் பெட்டி இருந்திருக்குமானால், துணி மூட்டை முதல் லயத்தைத் தாண்டியிராது.

அது பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மலையக இளைஞர் சிறைசென்று வாடியதை நாம் கண்டோம். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரிலிலும், 2022 ஏப்ரிலிலும் இந்நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அத்தகைய வேளைகளில், எந்த வீட்டு இணைப்பு தடையைச் சுற்றிக்கொண்டு வெளியே போயிற்று என்பதை அறிய ஆசைப்படுவோர் இருந்திருக்கமாட்டார்களா? நன்மைக்கென்று வைத்த கருவி நாளை யார் கைக்குப் போகும் என்பதை இன்று சம்மதிப்பவர் தீர்மானிக்க முடியாது. மேற்சொன்ன சாம்நோஸ் நிறுவனமே 2023-இல் சிஸ்கோ என்னும் மாபெருங் கம்பனியின் உடைமையாயிற்று. தோட்டம் கைமாறினால் செக்ரோலும் சேர்ந்தே கைமாறும்.

சட்டம் இருக்கிறதல்லவா? இருக்கிறது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. பின்னர் அதே ஆண்டிற் சட்டமும் திருத்தப்பட்டது. சட்டத்தை நாம் இகழவில்லை; அதனைப் பயன்படுத்தவேண்டும். ஆனால் தொழிலாளியைக் காக்கும் சட்டங்கள் அவளது வாசலை வந்தடைய எத்தனை ஆண்டு எடுத்திருக்கின்றன என்பதை அறிந்த நாம், அதை நம்பித் தாழ்ப்பாளைக் கழற்றிவிடமாட்டோம்.

இவ்விடத்தில் வேறொரு சாரார் மகிழ்ந்து எழுவர். “பார்த்தீர்களா, எல்லாம் வேவுதான், அளவையும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்” என்பர். தூய்மைக்குப் பேர்போன இத்தோழர்கள் எந்தச் செயலையும் தொடங்காமலே பிழையற்றவராக வாழ்ந்து முடிப்பவர்கள். அளக்காதிருந்தால் வெற்றி யாருக்கு? ‘இருபது வரை’ என்று எழுதியவனுக்கு. வேகம் இல்லாத இணைப்பினால் இணையவழிப் பாடத்தில் பாதியிலேயே துண்டிக்கப்படும் மாணவிக்கு, உங்களது அந்தரங்கத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்லிப் பாருங்கள். 2025 ஜூலையில் செய்மதிவழி இணையமும் இந்நாட்டுக்கு வந்துவிட்டது. வசதி படைத்தோர் கூரையில் தட்டை வைத்துக்கொண்டு இந்த வழக்கிலிருந்தே விலகிவிடலாம். எஞ்சி நிற்பது பள்ளத்து லயம்.

ஆகவே, கம்பனியை அளப்பது எப்படி, வீட்டை அளக்காமல் விடுவது எப்படி என்பதே நாம் தீர்க்கவேண்டிய பிரச்சினை. அது தீராத பிரச்சினையன்று. நெதர்லாந்தின் அம்ஸ்ரடாமை மையமாகக் கொண்ட ரைப் நிறுவனம் 2010 முதல் உலகெங்கும் தொண்டர் வீடுகளில் ‘அட்லஸ்’ என்னும் சிறு கருவிகளை வைத்துவருகிறது. அது தானே சில சைகைகளை அனுப்பி அவை போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறதேயன்றி, வீட்டார் போக்குவரத்தைக் கவனிப்பதில்லை. கருவி இருக்கும் இடத்தையும் துல்லியமாக வெளியிடாமற் சற்றே விலக்கிக் காட்டுகிறார்கள். வேண்டுமென்று நினைத்தால் முடியும் என்பதற்கு அதுவே போதும்.

வட்டவளைக்கு அதைவிட எளிய வழியும் உண்டு. முதலில் வீட்டை விட்டு வெளியே வாருங்கள். பாடசாலைக் கணினி அறை, தோட்ட வைத்தியசாலை, தபாற்கந்தோர், வாசிகசாலை ஆகிய பொது இடங்கள் அதே பள்ளத்தில், அதே அலையின் கீழ்த்தான் இருக்கின்றன. இராப்பொழுதில் ஒரு வாசிகசாலை உறங்குவதைப் பெட்டி பதிவதால் எவருக்கும் கேடில்லை. வீடுகளில் அளக்கவேண்டிய அளவுக்கு, இருபது வீட்டுக்குப் பதில் ஆறு வீடு போதும். ஓயாது விழித்திருக்கும் பெட்டிக்குப் பதில் கையால் அழுத்தும் அளவை போதும். காலை ஆறு, மாலை நான்கு, இரவு ஒன்பது என்று நேரம் குறித்து, வந்த எண்ணை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதினாற் கணக்கு முடிந்தது. அந்த வீட்டின் ரவுட்டரைப் பகிர்ந்துகொள்ளும் அத்தனை காம்பராவாரிடமும் தமிழிற் சொல்லிச் சம்மதம் கேட்கவேண்டும். ஒருத்தி வேண்டாமென்றால் அந்த வீட்டை விட்டுவிடவேண்டும்.

செலவையும் கருதவேண்டும், நகரத்து நிபுணர்கள் இதை எழுதுவதேயில்லை. செக்கனுக்கு 20 மெகாபிட் ஓடும் இணைப்பிற் பத்துச் செக்கன் அளந்தால் 200 மெகாபிட், அதாவது 25 மெகாபைட் தீர்ந்துபோகிறது. நாளுக்கு நான்கு முறையென்றால் மாதத்துக்கு 3 ஜிகாபைட். மேலேற்றும் வேகத்துக்கு அது தனிக்கணக்கு. அளவற்ற இணைப்புடைய கொழும்பு வீட்டுக்கு இது தூசி. ரீலோட் போட்டு வாழும் குடும்பத்துக்குப் பிள்ளையின் ஒரு வாரப் பாடம். தொண்டர் வீட்டுக்கு அந்த டேட்டாவை ஈடுசெய்யாமல் அளக்கப் புகுவது, அரைப்பேர் போடும் வேலைதான்.

அந்த ஆறு வீடுகளும் எவை என்பது கம்பனிக்குத் தெரியக்கூடாது. இது வீட்டாரின் நன்மைக்காக மட்டும் சொல்வதன்று. அமெரிக்க அளவையில், எந்த வீடு எந்தத் திட்டத்துக்குப் பணங் கட்டுகிறது என்பதை உறுதிசெய்யவேண்டித் தொண்டர் விவரம் கம்பனிகளிடமே சரிபார்க்கப்பட்டது. அளக்கப்படும் வீடுகளை மட்டும் ஊட்டி வளர்க்கமாட்டோம் என்று அவற்றிடம் நன்னடத்தை உறுதிமொழியும் பெறவேண்டியிருந்தது. உறுதிமொழியின் பெறுமதி நமக்குத் தெரியும். மேலிடத்துப் பரிசோதகர் வருகிறார் என்று முன்கூட்டியே சேதி வந்த தோட்டத்திற் பிள்ளைக்காம்பராவுக்கு வெள்ளையடித்து, தொட்டிலுக்குப் புதுச்சேலை கட்டியிருக்கும். எந்த வீடு அளக்கிறது என்று கம்பனிக்குத் தெரிந்தால் அந்த வீட்டுக்கு மட்டும் வெள்ளையடிக்கப்படும். எனவே தொண்டரின் மறைவு, அளவையின் உண்மைக்கே வேண்டிய நிபந்தனையாகிறது. திட்டத்தைச் சரிபார்க்க மாதாந்தப் பற்றுச்சீட்டில் பெயரை மறைத்து நாமே பார்த்துக்கொள்ளலாம். அதற்குக் கம்பனியின் தயவு வேண்டியதில்லை.

ஆணைக்குழுவுக்கு அனுப்பவேண்டியது என்ன? இன்ன தோட்டப் பிரிவு, இன்ன திட்டம், விற்கப்பட்ட வேகம் இவ்வளவு, இன்ன வேளையிற் கிடைத்த வேகம் இவ்வளவு. இந்த நான்குக்கு மேல் ஐந்தாவதாக ஒன்றைக் கேட்பவரிடம், எதற்கென்று கேளுங்கள். வேகத்தைப் பற்றிய முறைப்பாட்டுக்கு வீட்டின் விழிப்பும் உறக்கமும் சாட்சியம் சொல்லவேண்டியதில்லை.

அன்று அறையில் இவற்றையெல்லாம் இவ்வளவு ஒழுங்காகப் பேசினோமல்லோம். ஏளனம் செய்த நண்பர் முடிவில், “சரி, என் வீட்டில் வேண்டாம், எங்கள் பாடசாலையில் வையுங்கள்” என்றார். தன் வீட்டில் ஏன் வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. கேட்க நமக்கு உரிமையில்லை. ஆசிரியை ஒரு கொப்பியின் முதற்பக்கத்தில் நான்கு கோடுகள் கிழித்தார். வீட்டின் பெயருக்கென்று ஐந்தாவது கோடு போடவேண்டுமா என்று இளம் ஆசிரியர் கேட்க, வேண்டாமென்று தீர்மானமாயிற்று. எந்த எண் எந்த வீடு என்ற குறிப்பை ஒருவர் மட்டும் வேறாக எழுதி வைத்திருப்பது, விண்ணப்பம் அனுப்பியதும் எரித்துவிடுவது என்றும் பேசினோம். அந்த ஒருவர் யார் என்பதில் மட்டும் அன்று உடன்பாடு ஏற்படவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைத்துவிட்டு, மழை விட்டதும் கலைந்தோம்.